பழி கார்புரேட்டர் மேல்

“கார்ப் போயிருச்சுங்க.” பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் ஸ்டாண்டு போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். கிளம்பவில்லை என்றால் கார்ப். நடுவழியில் நின்றால் கார்ப். மைலேஜ் இறங்கினால் கார்ப். சைலன்சரில் பட்டாசு வெடித்தால் அதுவும் கார்ப். சிலர் புது கார்ப் ஒன்றை அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டே வருவார்கள். மாட்டிக் கொடுத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம்.

நான் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்பேன்: “எப்ப நிக்குதுங்க? கிளம்புன உடனேயா, சூடானதுக்கு அப்புறமா? ஆக்சிலேட்டர் எவ்வளவு திருகுனா இடறுது?”

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. “இடறுதுங்க, அவ்வளவுதான்” என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பாரா, மணிக்கட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாரா? ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று அந்த மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் எனக்கு வருகிற வண்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. திருவொற்றியூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், 346 சிசி. மைசூர் எஸ்டி. அப்புறம் ஆர்எக்ஸ் 100. எப்போதாவது ஆமல் கார்ப் போட்ட 60-களின் வண்டி ஒன்று யாராவது தாத்தா வீட்டு ஓட்டுச் சாளையிலிருந்து கோழி எச்சத்தோடு வந்து இறங்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்தான். இப்போது வேலைக்கு வரும் பையன்கள் லேப்டாப்பில் எரர் கோடு படித்துக் கோளாறு சொல்வதில் கெட்டிக்காரர்கள். ஜெட்டைக் கையில் கொடுத்தால் இது எதற்கு என்று பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார்புக்குள் சுற்றுகிற சாமான் எதுவும் இல்லை. ஒயர் இல்லை, கரண்ட் இல்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று உள்ளே பாய்கிறது. கார்பின் தொண்டை குறுகலாக இருப்பதால் அங்கே காற்றின் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. கீழே பவுலில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. இவ்வளவுதான் சங்கதி. சூட்சுமம் எங்கே என்றால், பெட்ரோல் மேலே ஏறுவதற்கு ஒரே வழி இல்லை. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

ஆக்சிலேட்டரை விட்டுவிட்ட நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திருகல் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளுகின்றன. அங்கிருந்து கால் பங்கு வரை, ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறும் ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கிறதே, அந்த வெட்டு. கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் நீடில். அதற்கு மேல் முழுத் திருகல் வரை மெயின் ஜெட். ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் வரும். ஆனாலும் முழு வேகத்தில் இழுக்காத வண்டிக்குப் பைலட் ஜெட்டைக் கழற்றிக் கழுவுவது வீண் வேலை. சிக்னலில் நிற்கும்போது அணைகிற வண்டிக்கு மெயின் ஜெட் மாற்றுவதும் அப்படித்தான். இந்த இரண்டையும் செய்துவிட்டு, “எல்லாம் பண்ணிட்டோம், சரியாகல” என்று வருகிற வண்டிகள் அநேகம்.

அதனால் நான் செய்வது இது. கைப்பிடியில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டுவேன். ஆக்சிலேட்டர் கேபிள் வந்து சேரும் இரும்புக் கூட்டில் இன்னொரு டேப் ஒட்டி, அதில் பேனாவால் பூஜ்யம், கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போடுவேன். “இதைப் பாத்துட்டே அவிநாசி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. எந்தக் கோட்டுல இடறுதுன்னு மட்டும் சொல்லுங்க” என்று அனுப்பிவிடுவேன். போகும்போது சந்தேகத்தோடு போகிறவர் திரும்பி வரும்போது உற்சாகமாக வருவார். “கரெக்டா அரைக்கும் முக்காலுக்கும் நடுவுலங்க!” அது நீடில். கிளிப் இருக்கும் பள்ளத்தை மாற்றிப் பார்ப்பதோடு வேலை முடிந்தாலும் முடியும்.

ஆனால் இது கார்பைத் தொடலாம் என்று முடிவான பிறகு. அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, பத்து கார்ப் கோளாறில் ஒன்பது கரண்ட் கோளாறு என்பார். கணக்கு கொஞ்சம் மிகை. சொன்ன திசை சரி. ஒரு பேங்க் ஆபீசர் கொண்டு வந்த 80-களின் புல்லட் அதற்கு நல்ல உதாரணம். காலையில் ஒரே உதையில் கிளம்பும். கால் மணி நேரம் ஓடும். பிறகு மூச்சுத் திணறுவதுபோல இடறும், நிற்கும். நிழலில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கார்ப் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது கார்ப் பெட்டியில் வந்தது.

வண்டி தானாக அணைந்த அந்த நிமிடமே பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைவிடச் சிக்கனமான பரிசோதனை எனக்குத் தெரியாது. பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, நெருப்புதான் வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்ப், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக், டேங்க் என்று பார்க்கலாம். பிளக் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன். சிங்காநல்லூர் தாண்டி வண்டி நின்றது. பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கண்டென்சர்தான். காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்ட் திறக்கும்போது பாயும் கரண்டை அது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கினால்தான் காயிலில் இருக்கும் காந்தப்புலம் சட்டென்று விழுந்து பிளக்கில் நல்ல பொறி வரும். உள்ளே இருக்கும் காப்புத்தாள் பழசாகிவிட்டால் ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும், சூடானதும் கைவிரிக்கும். பொறி பிளக்கில் தாண்டாமல் பாயிண்டிலேயே தாண்டும். பாயிண்ட் மூடியைத் திறந்தால் முனைகள் கருநீலமாக எரிந்து குழி விழுந்திருக்கும். இது ஒரு சின்ன டப்பா, விலையும் சொற்பம். புல்லட்டில் அதை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே சூட்டில் வைத்திருக்கிறார்கள். நான் பல வண்டிகளில் அதை டேங்குக்கு அடியில், காயில் பக்கத்தில் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிடுவேன். பழமை கெடக்கூடாது என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு மட்டும் பழைய இடத்திலேயே புதியது.

பெட்டியில் இருந்த மூன்றாவது கார்பை ஆபீசர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. முதலில் கழற்றிய ஒரிஜினல் கார்ப் எங்கே என்று கேட்டேன். மாற்றிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்து வார்ப்பும் பித்தளைச் சாமானும் இப்போது பெட்டியில் வருவதில் இல்லை. ஜெட் மேல் 90 என்று அடித்திருக்கும், துளை வேறு அளவில் இருக்கும். புது ஜெட் வாங்கினால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே இரண்டையும் பிடித்துப் பாருங்கள். சில சமயம் வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

பிளக் காய்ந்திருந்தால் கதை வேறு. அங்கேயும் கார்ப் கடைசிதான். டேங்க் மூடியில் காற்றுப்போக ஒரு சின்னத் துளை உண்டு. வாஷிங், மெழுகுப் பாலிஷ், தூசி எல்லாம் சேர்ந்து அது அடைத்துப்போனால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். மூடிவிட்டு உதைத்தால் கிளம்பும், மறுபடி அதே தூரத்தில் நிற்கும். புது குரோம் மூடி மாட்டிய வண்டிகளில் இது அதிகம். பளபளப்புக்கு ஆசைப்பட்டு வாங்கிய மூடியில் துளையே போட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது காக். அதற்குள் நிற்கும் வலை வடிகட்டியில் டேங்கின் துரு செம்மண் சேறுபோலப் படிந்திருக்கும். பவுலுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால், நூலாக இறங்குகிறதா, தாராளமாக இறங்குகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரிசர்வில் போட்டும் பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் காக்கில் ரப்பருக்குப் பதில் கார்க் கட்டை இருக்கும். மாதக்கணக்கில் டேங்க் காலியாகக் கிடந்தால் கார்க் காய்ந்து சுருங்கி ஒழுகும். பெட்ரோல் ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் ஊறித் தானாக நின்றுவிடும். காலையில் ஒழுகுகிறது என்று காக்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

காற்று ஒழுக்கு என்பது எனக்குப் பிடித்த எதிரி. கண்ணில் படாது. கார்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவையை வற்றடித்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் வேகம் இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நின்று, பிறகு மெதுவாக இறங்கினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும்.

ஆமல் கார்ப்களுக்கு இது பரம்பரை வியாதி. ஆமல் என்பது ஆமக், பிரவுன் அண்டு பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் 1920-களின் கடைசியில் பர்மிங்காமில் ஒன்றாகி உண்டான பெயர். அவர்களுடைய மோனோபிளாக் கார்பின் உடம்பு துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதை ஹெட்டோடு பிடிப்பது இரண்டே இரண்டு நட்டுகள். ஒழுகுகிறது என்று பார்த்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஸ்பானரைப் போட்டு இன்னும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க நட்டு ஏறும் இரண்டு காதுகளும் ஹெட் பக்கமாக வளைந்து நடுவில் பள்ளம் விழும். இன்னும் ஒழுகும். இன்னும் இறுக்குவார்கள். பிறகு நடுவில் எம்-சீல் வைத்துப் பூசிக் கொண்டு வருவார்கள்.

இதற்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் எமரித் தாளைப் படுக்க வைத்து, கார்பின் முகத்தை எட்டுப் போடுவதுபோல மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதலில் காதுகளில் மட்டும் பளபளப்பு வரும். முகம் முழுக்க ஒரே பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். புது ஓ-ரிங், புது பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, கைப்பிடி குட்டையான ஸ்பானரில் இறுக்கினால் போதும். நீள ஸ்பானரைக் கையில் கொடுத்தால் மனுஷனுக்குப் புத்தி மாறிவிடும்.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சிலர் ஓடும் எஞ்சினில் பெட்ரோலைத் தெளிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சூடான சைலன்சர் பைப் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஆயில் கேனில் மெல்லிய எண்ணெய் எடுத்து இணைப்பில் சொட்டு விடுங்கள். எஞ்சின் சத்தம் ஒரு கணம் மாறினால் ஒழுக்கு அங்கேதான்.

ஸ்லைடு தேய்வதும் காற்று ஒழுக்கின் இன்னொரு வடிவம். பல வருடம் மேலும் கீழும் போய்வந்து கார்பின் உடம்பும் ஸ்லைடும் தேய்ந்து, ஸ்லைடைப் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று கேட்கும். அப்படிப்பட்ட கார்பில் ஐடிலிங் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. வெளியூர்களில் இதற்குக் கார்பையே மாற்றுகிறார்கள். கோயம்புத்தூரில் மோட்டாரும் பம்புசெட்டும் செய்து பழகிய லேத்துப் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நல்ல லேத்துக்காரர் கிடைத்தால் துளையை அளந்து துல்லியமாகக் கடைந்து, பித்தளையில் சிலீவ் போட்டுக் கொடுப்பார். நாள் பிடிக்கும். அவர்களுக்கு இது சில்லறை வேலை, பெரிய ஆர்டர்களுக்கு நடுவில்தான் நம்முடையது ஏறும். காத்திருந்து வாங்குவது வீண்போவதில்லை.

இப்போது கார்பைக் கழற்றலாம்.

மிக்கார்ப் விஎம் 24 என்பது புல்லட் 350-க்கு நீண்ட நாள் வந்த கார்ப், ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பு. பவுலைக் கழற்றியதும் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். செம்பழுப்புத் தூள் டேங்கின் துரு. ஒட்டுகிற பழுப்புக் கோந்து, நாள்பட நின்று ஆவியான பெட்ரோலின் எச்சம். வெள்ளைப் பொடி தண்ணீர் நின்று உலோகத்தை அரித்ததன் அடையாளம். துரு என்றால் டேங்கைக் கழுவாமல் கார்பைக் கழுவிப் புண்ணியமில்லை. ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்ட வேண்டும். பழைய பித்தளை ஃப்ளோட்டில் ஊசித்துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து சலசலக்கும். சந்தேகம் இருந்தால் வெந்நீரில் முக்கினால் துளை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அடுத்து ஃப்ளோட் ஊசியின் கூம்பு முனை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேய்ந்த ஊசியில் ஒரு வளையம் தெரியும். வளையம் தெரிந்தால் மாற்றிவிட வேண்டும், ஊசி போய் உட்காரும் இருக்கையோடு சேர்த்து. பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகும் வண்டியில் இன்னொன்றையும் பார்ப்பேன். ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வருகிறதா என்று. ராத்திரி முழுக்கக் காக்கை மூடாமல் விட்டிருந்தால் பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் கலந்திருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் கனெக்டிங் ராட் புஷ்ஷுக்கு ஆபத்து. காக்கை மூடும் வழக்கமே இப்போது பலருக்கு இல்லை.

பவுலில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். பவுலின் அடியில் இருக்கும் திருகாணித் துளையில் கண்ணாடிபோன்ற டியூப் ஒன்றைப் பொருத்தி, கார்பின் பக்கவாட்டில் மேலே தூக்கிப் பிடித்து, காக்கைத் திறந்தால் உள்ளே நிற்கும் மட்டம் டியூபில் அப்படியே தெரியும். பவுல் சேரும் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் எல்லாத் திருகலிலும் கலவை கொழுக்கும், கீழே நின்றால் எல்லாத் திருகலிலும் வற்றும். டேப் பரிசோதனையில் “எல்லாக் கோட்டுலயும் இடறுதுங்க” என்று சொன்னவருக்கு இங்கே விடை கிடைக்கும்.

ஜெட் அடைத்திருந்தால் குத்துகிற பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஊசி, கிளட்ச் கேபிளின் இழை, கிடார் கம்பி, கையில் எது கிடைக்கிறதோ அது. பித்தளை மெத்தென்ற உலோகம். எஃகுக் கம்பி ஒருமுறை உரசினால் துளை அகன்றுவிடும், அல்லது உள்ளே கோடு விழும். அகன்ற ஜெட் மேலே என்ன எண் எழுதியிருந்தாலும் அது வேறு ஜெட். நான் கார்ப் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதுவேன். அசையாத அடைப்பு என்றால் கரண்ட் ஒயருக்குள் இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று. இப்போது அல்ட்ராசோனிக் தொட்டி வாங்கிவிட்டேன், கண்ணாடிக் கடைகளில் மூக்குக் கண்ணாடி கழுவ வைத்திருப்பார்களே, அதன் பெரிய அண்ணன். பைலட் ஜெட்டின் பக்கவாட்டுத் துளைகளில் இருக்கும் கோந்துகூட வந்துவிடுகிறது. எலுமிச்சையும் புளியும் போட்டுக் கார்பைக் கொதிக்கவைக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. துத்தநாக உடம்பு கறுத்துப் பொரியும்.

எஸ்டி, ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அவற்றில் கலவை கிராங்க் பெட்டிக்குள் புகுந்துதான் மேலே போகிறது. கிராங்கின் ஆயில் சீல் கிழிந்தால் அங்கேயும் காற்று நுழையும். கார்பை எத்தனை முறை சரி செய்தாலும் வற்றிய கலவையாகவே ஓடும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடியது. எஸ்டிகளின் சீல்கள் வயதுக்கு வந்து நெடுங்காலம் ஆயிற்று. கார்ப் கோளாறு என்று எஸ்டி வந்தால் என் கண் முதலில் மேக்னெட் பக்கத்து சீலுக்குத்தான் போகும்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இன்னொரு தனிக் கோளாறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக் கோளாறு. இங்கே கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் அதே ஜெட்தான், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கலவை கொழுத்து, குன்னூர் தாண்டும்போது வண்டி கனைக்கும், பிளக் கரிபிடிக்கும். திங்கட்கிழமை காலை, “மலை ஏறலீங்க, கார்ப் மாத்தணும்” என்று வந்து நிற்பார்கள். இங்கே நிற்கும் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றி, அதாவது நீடிலைக் கீழே இறக்கி, மெயின் ஜெட்டை ஒரு எண் குறைத்துக் கொடுப்பேன். ஒருநாள் போய்வருகிறவர்களுக்கு எதுவும் செய்ய மாட்டேன். மலைக்கு வைத்த கலவையோடு கீழே இறங்கி அவிநாசி ரோட்டில் முறுக்கினால் எஞ்சின் வெந்துவிடும். கையிருப்பில் ஒரு நல்ல பிளக் வைத்துக்கொண்டு போங்கள் என்பதே நான் சொல்வது.

பிளக்கின் நிறம் பார்க்கும் வித்தையையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தப்பாகச் செய்வது இது. பட்டறைக்கு வந்து, ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிளக்கைக் கழற்றி “கறுப்பா இருக்குங்க” என்றால் அது ஐடிலிங்கின் நிறம். மெயின் ஜெட்டின் நிறம் பார்க்க வேண்டுமானால் வெறிச்சோடிய ரோட்டில் முழுத் திருகலில் கொஞ்ச தூரம் போய், அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து, எஞ்சினை அணைத்து, உருட்டி நிறுத்தி, அங்கேயே கழற்ற வேண்டும். இளம்பழுப்பு என்றால் சரி. காய்ந்த கரி என்றால் கொழுப்பு. ஈரக்கரி, அதுவும் எண்ணெய்ப் பிசுக்கோடு என்றால் அது கார்ப் விஷயமே இல்லை. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்து ஆயில் ஏறுகிறது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் அதே நிமிடம் ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

அண்மைக் காலமாக இந்த வெள்ளைப் பிளக்கை அதிகம் பார்க்கிறேன். காரணம் பெட்ரோல் பங்கில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 1985-ல் துளை போட்ட ஜெட்டுக்கு யார் சொல்வது? அது பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கும், கலவை எட்டு சதவீதம்போல வற்றிப்போகும். நான் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கி நீடிலைத் தூக்கிவைக்கிறேன். 90 மெயின் ஜெட் இருந்த 350-களில் ஒரு எண் கூட்டிப் போட்டு, பிளக்கைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலத்தில் ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக நின்றுவிடும். காக் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். பழைய ரப்பர் வாஷர் ஊதிப்போகிறது, டேங்குக்குள் எப்போதோ பூசிய சீலண்ட் தோலுரிந்து வடிகட்டியை அடைக்கிறது. அதனால் நிறுத்திவைக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: வீடு வருவதற்குக் கொஞ்சம் முன்பு காக்கை மூடிவிட்டு, பவுலில் இருப்பதை எரித்துத் தீர்த்துவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாம் ஆனபிறகு கடைசி வேலை ஐடிலிங் வைப்பது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து அப்படியும் இப்படியும் திருகி எஞ்சின் வேகமாக ஓடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு ஸ்லைடைத் தாங்கும் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மறுபடி ஏர் ஸ்க்ரூ, மறுபடி மற்றது. காதுதான் மீட்டர்.

இங்கேதான் எனக்கும் புல்லட்காரர்களுக்கும் எப்போதும் தகராறு. அவர்களுக்குத் ‘தட்… தட்… தட்…’ என்று ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழ வேண்டும். அவ்வளவு கீழே இறக்கினால் ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றும், புஷ்ஷுக்குப் போகும் ஆயில் குறையும். ஹெட்லைட் போட்டால் ஆம்ப் மீட்டர் முள் மைனஸுக்குச் சாயும்.

“இன்னுங் கொஞ்சம் எறக்குங்கண்ணா. நம்ம அப்பாரு ஓட்டுறப்ப அப்படித்தானுங்க சத்தம் வரும்.”

“அப்பாரு ஓட்டுறப்ப புஷ் புதுசுங்க.”

தலையாட்டிவிட்டுக் காசு கொடுத்துக் கிளம்புவார். தெருமுனையில் வண்டி நிற்கும். குனிந்து ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்துவார். பட்டறைக்குள் இருந்தே சத்தத்தில் தெரிந்துவிடும். என் பையன் சிரிப்பான். பேட்டரி சார்ஜ் நிற்கவில்லை என்று அவர் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் கார்பைத்தான் சொல்வார்.